மச்சானின் கட்டத்தில் பிள்ளையார்

ஒரு மனிதனை எனக்கு எவ்வளவு பிடிக்காது என்பதை எண் போட்டுச் சொல்ல ஒரு தேர்தல் முறை இருக்கிறது என்பது ஐம்பது வயதைத் தாண்டித்தான் எனக்குத் தெரிய வந்தது. சாதாரண ஓட்டில் பிடித்தவனுக்கு ஒரு குத்து குத்திவிட்டு வந்துவிடலாம். மற்றவர்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். இந்த முறையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்த வேண்டும். முதலில் யார், அவர் இல்லையென்றால் யார், அவரும் இல்லையென்றால் யார். என்னைப் போல நாலு பேருக்கும் பல்லைக் காட்டிப் பிழைப்பவனிடம் கேட்கக் கூடாத கேள்வி.

எங்கள் லேஅவுட் மைசூரு விஜயநகரில் இருக்கிறது. நான்கு தெரு, ஒரு பூங்கா, ஒரு சமுதாயக்கூடம், வீட்டுக்கு ஒரு கார், காருக்கு ஒரு சண்டை. போன மாநகராட்சித் தேர்தலில் இங்கிருந்தே இரண்டு பேர் சுயேச்சையாக நின்றார்கள். ஒருவர் ஓட்டை மற்றவர் தின்று, இருவரும் மண்ணைக் கவ்வ, பக்கத்துப் பேட்டைக் கட்சிக்காரர் நடுவில் புகுந்து ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் எங்கள் பூங்கா விளக்கைக்கூட மாற்றவில்லை. ஆகவே இந்தத் தடவை முன்கூட்டியே எங்களுக்குள் ஒரு தேர்தல் வைத்து, அதில் ஜெயிக்கிற ஒரே ஆளை வார்டுக்கு நிறுத்துவது என்று முடிவாயிற்று.

மூன்று பேர் முன்வந்தார்கள்.

முதலாவது என் மச்சான். மனைவியின் அண்ணன். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஹார்டுவேர் கடை வைத்து வீடு கட்டியவர். மாடியில் அவர் குடும்பம், கீழே நாங்கள். கீழ் வீடு தங்கச்சிக்குப் பிறந்த வீட்டுப் பங்கு என்று என் மாமனார் சாகும்போது சொன்னார், மச்சானும் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத் தவிர எங்களிடம் வேறு பத்திரம் கிடையாது. வீடு அவர் பெயரில் இருக்கிறது. வாடகை கேட்பதில்லை, அது வாஸ்தவம். அதற்குப் பதிலாகக் கீழ்க் குழாய்க்குப் போகும் வால்வை மாடியில் வைத்திருக்கிறார். நான் தலைக்கு சோப்புப் போட்ட நேரம் பார்த்துத் தண்ணீர் நிற்கும். மேலேயிருந்து, “குளிச்சாச்சுங்ளா மாப்ள?” என்று மரியாதையாகக் குரல் வரும். ஒரு பேச்சுக்குக்கூட அந்த ‘ங்’ அவர் வாயிலிருந்து விட்டுப்போனதில்லை. அந்த மரியாதையோடுதான் என்னைப் பல வருடமாக நசுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, பக்கத்து வீட்டுப் புரொபசர். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற கன்னடக்காரர். தெரு நாய்களுக்குச் சோறு போடுவார். அந்த நாய்கள் மச்சானுடைய கார் சீட் உறையைக் கிழித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இவரும் எனக்கு ஆகாது. நான் பால் கேட்டால் ‘ஹாலு’ என்பதற்கு ‘ஆலு’ என்கிறேனாம். கடைக்காரர் பாலைக் கொடுத்த பிறகும் நிறுத்தி வைத்துத் திருத்துவார்.

மூன்றாவது, சிஸ்டர். ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸ். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். லேஅவுட்டில் தமிழ் பேசும் வீடுகள் மொத்தமே மச்சான் வீடு, எங்கள் வீடு, அவர் வீடு. என்னை இதுவரை திருத்தாத ஒரே ஆள் அவர்தான். அது எனக்குப் போதும்.

எண் போடும் முறையைக் கொண்டு வந்தது புரொபசர். மேலவைக்குப் பட்டதாரித் தொகுதியில் இப்படித்தான் ஓட்டுப் போடுகிறோம், ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுகிறோமே, அதேதான் என்றார். சமுதாயக்கூடத்தில் கரும்பலகை வைத்து வகுப்பே எடுத்தார். எல்லோருடைய முதல் எண்ணையும் எண்ணுவார்கள். யாருக்காவது பாதிக்கு மேல் வந்துவிட்டால் கதை முடிந்தது. வரவில்லையென்றால் கடைசியில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவருக்கு விழுந்த சீட்டுகளில் இரண்டு என்று யாருக்கு எழுதியிருக்கிறதோ அவருக்கு அந்தச் சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். ஓட்டலில் நீங்கள் கேட்ட மசாலா தோசை தீர்ந்துபோனால் செட் தோசை வாங்கிக்கொள்வதில்லையா என்று உதாரணம் வேறு.

நான் எழுந்து, செட் தோசையும் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டேன். உப்பிட்டு, அதாவது உப்புமா, என்றார். அதுவும் வேண்டாம் என்றால்? அப்போது மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடலாம், முதல் எண்ணை மட்டும் எழுதினாலும் செல்லும் என்றார். கூடம் சிரித்தது. நான் வேடிக்கைக்குக் கேட்டதுதான். ஆனால் காலியாக விடலாம் என்ற வார்த்தை மட்டும் எனக்குள் ஒரு நல்ல செய்தி மாதிரி தங்கிவிட்டது.

இன்னும் இரண்டு விதிகளைப் புரொபசரே எழுதிப் படித்தார். ஒரே எண்ணை இரண்டு பேருக்குப் போட்டால் சீட்டு அந்த எண்ணோடு நின்றுவிடும், அதற்கு மேல் யாருக்கும் போகாது. ஓட்டுப் போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கும்படி பெயரோ, கையெழுத்தோ, அடையாளமோ இருந்தால் சீட்டே செல்லாது. இரண்டாவது விதியைப் படிக்கும்போது மச்சானை ஒரு பார்வை பார்த்தார். கடைக் கடன்காரர்களிடம் சீட்டின் மூலையில் புள்ளி வைக்கச் சொல்லி மச்சான் யார் யார் தனக்குப் போட்டார்கள் என்று பார்க்கப் போகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

ஓட்டுக்கு முந்தின நாள் மச்சான் கீழே இறங்கி வந்தார். பலகாரத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, சுற்றி வளைக்காமல், “ஒண்ணாம் நம்பரு நமக்குத்தானுங்களே மாப்ள?” என்றார். தலையை ஆட்டினேன். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று எதிராளிக்குத் தெரியாமல் ஆட்டுவதற்குப் பல வருடப் பயிற்சி இருக்கிறது. அவர் திருப்தியாகத் தின்றார். போகும்போது வாசலில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்து, கீழ் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அடித்தால் நல்ல வாடகைக்குப் போகும் இடம் இது என்று பொதுவாகச் சொன்னார். சுவரிடம் சொன்னதுதான். எனக்குக் கேட்டது.

மறுநாள் தடுப்பு அட்டைக்குப் பின்னால் நின்றேன். சீட்டு, பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரியது. தலைப்புகூட இல்லை. கன்னட எழுத்து வரிசைப்படி மச்சான் பெயர் மேலே, அடுத்துப் புரொபசர், கடைசியில் சிஸ்டர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம். கையில் அந்த ஊதா ஸ்கெட்ச் பேனா. சிஸ்டருக்கு ஒன்று போட்டேன். புரொபசருக்கு இரண்டு போட்டேன், அவர்மேல் ஆசையால் அல்ல. மச்சானுக்கு மூன்றுகூடக் கொடுக்க மனம் வரவில்லை. சோப்பு எரிந்த கண்கள் அத்தனையும் சேர்ந்து வேண்டாம் என்றன. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக மச்சானை எதிர்த்துவிட்டவனாக, யாருக்கும் தெரியாத வீரனாக வெளியே வந்தேன்.

சாயங்காலம் எண்ணிக்கை. நடத்தியவர் ஓய்வு பெற்ற தாசில்தார் அம்மாள். வாழ்நாளெல்லாம் தேர்தல் வேலை பார்த்தவர், சிரிப்பை அரசாங்கத்திடமே திருப்பி ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சீட்டாக எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டி மேஜையில் அடுக்கினார். பாதிச் சீட்டுகள் போன பிறகு ஒன்றை உயர்த்தினார். சிஸ்டருக்கு ஒன்று. புரொபசருக்கு இரண்டு. மச்சானின் கட்டத்தில், ஊதா நிறத்தில், பெரிதாக, அழகாக, ‘உ’.

அது என் கை.

நான் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதுகிறவன். எந்தத் தாளை எடுத்தாலும் மேலே ஒரு பிள்ளையார் சுழி போடாமல் என் கை இறங்காது. சரக்கு ரசீதானாலும் சரி, கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதும் மளிகைக் கணக்கானாலும் சரி. நான் போடுவதில்லை, கை போடுகிறது. இந்தச் சீட்டில் மேலே வெறும் இடம் இல்லை. மேல் விளிம்பு முடிந்ததும் மச்சான். கை அவர் தலையிலேயே போட்டிருக்கிறது. நான்கு தெருவில் பிள்ளையார் சுழி போடக்கூடியவர்கள் இருப்பது ஒரே வீட்டின் மாடியிலும் கீழேயும்தான். மாடிக்காரர்கள் மச்சானுக்குத்தான் போட்டிருப்பார்கள். மிச்சம் கீழே. என் மனைவி கணக்கு எழுதுகிறவள் அல்ல. கையெழுத்துப் போட்டு, போட்டோ ஒட்டிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

தாசில்தார் அம்மாள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, “ஏனு இது?” என்றார். யாரோ, பேனா எழுதுகிறதா என்று பார்த்திருப்பார்கள் என்றார். சரி என்று சிஸ்டரின் அடுக்கில் வைத்தார். நான் அந்த யாரோவுக்கு மனதுக்குள் கோயில் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் இடிந்தது.

முதல் சுற்றில் யாருக்கும் பாதி வரவில்லை. சிஸ்டர் கடைசி. அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து, புரொபசர் பக்கமும் மச்சான் பக்கமும் வைத்துக்கொண்டே வந்தார்கள். என்னுடையது அடியில் கிடந்தது. எல்லாம் முடிந்து அது ஒன்று மட்டும் மிஞ்சியபோது, இரண்டு பக்கமும் சமம். அந்தக் கூடத்தில் அதுவரை என்னை யாரும் பெரிதாக மதித்ததில்லை. இப்போது மொத்த லேஅவுட்டும் என் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வீட்டுப் பாத்திரங்களை மனதுக்குள் சாக்கில் கட்டத் தொடங்கினேன். கிரைண்டரை யார் தூக்குவது என்பதில் வந்து நின்றேன்.

புரொபசருக்கு இரண்டு இருக்கிறது, அவருக்கே போகிறது என்று தாசில்தார் அம்மாள் கையை நகர்த்தினார். அப்போதுதான் மச்சான் எழுந்தார். கூடத்தில் பேசியதெல்லாம் கன்னடம், நான் தமிழில் சொல்கிறேன்.

“ஒரு நிமிசம் மேடம். என்ற கட்டத்துல இருக்கறது தமிழ் எரடு. பழைய எழுத்து. எனக்கும் ரெண்டு விழுந்துருக்குது.”

கூடத்தில் சலசலப்பு. ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும், அவர் சொன்னது பொய் இல்லை. பழைய தமிழ் எண்களில் இரண்டு என்பது ‘உ’ போலத்தான் இருக்கும். ஆனால் தினமும் காலையில் கடைக் கணக்குப் புத்தகத்தில் முதல் காரியமாகப் பிள்ளையார் சுழி போட்டு, ஊதுபத்தி காட்டுகிற மனிதர் அவர். ஒரே ஒரு ஓட்டுக்காகப் பிள்ளையாரை எண்ணாக்கிவிட்டார். இரண்டு பேருக்கு இரண்டு என்றால் சீட்டு அங்கேயே நின்றுவிடும், புரொபசருக்குப் போகாது. அவருக்கு அது போதும்.

தாசில்தார் அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. சிஸ்டரைக் கேட்டார். சிஸ்டர், தான் படித்தது கன்னட மீடியம், வீட்டில் தமிழ் பேசுவோம், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். அடுத்து எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் பின்னால் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாருமில்லை.

“சொல்லுங்க மாப்ள,” என்றார் மச்சான். “தமிழ் ரெண்டு தானுங்களே?”

அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் சந்தேகமே இல்லை. அது யார் கை என்று எனக்குத் தெரிந்த அதே கணத்தில் அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே ‘ங்’ போட்டுக் கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எனக்குத் தப்பிக்க ஒரு வழி விடுகிறார் போலிருந்தது. ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். உலகத்தில் எந்தத் தமிழனும் என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சமயம் பார்த்து எனக்குக் குளியலறை ஞாபகம் வந்து தொலைத்தது. கூடவே புரொபசர், என் பதிலை எதிர்பார்த்து, ‘ஹ’ எங்கே வரும் என்று திருத்தத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததில் மூளை நின்று, வாய் மட்டும் ஓடியது.

“மேடம், கணக்குல பாத்தா ரெண்டுதான். ஆனா இது கணக்கு இல்ல. பிள்ளையார் சுழி. எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்காளுங்க மேல போடறது.”

யாரும் இதை வீரம் என்று நினைக்க வேண்டாம். சொல்லி முடித்ததும், வேறு யாரோ பேசியது போல, யாருடைய குரல் என்று நானே பார்த்தேன்.

புரொபசர் எழுந்துவிட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் தோளைத் தட்டினார். அது எண் இல்லையென்றால் தனக்குத்தான் அந்த ஓட்டு, தான் ஜெயித்தாயிற்று என்றார். அவர் ஆட்கள் கைதட்டினார்கள். தாசில்தார் அம்மாள் கையை உயர்த்தி அவர்களை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

“எங்காளுங்கன்னா யாரு? இந்த லேஅவுட்ல இத யாரெல்லாம் எழுதுவாங்க?”

மொத்தக் கூடமும் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மூலையிலிருந்து சிரிப்பு கிளம்பி முன்வரிசை வரை வந்தது. அம்மாள் விதித்தாளை எடுத்து, புரொபசர் எழுதிய கடைசி வரியை, புரொபசருக்கே, நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். ஓட்டுப் போட்டவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இருந்தால் சீட்டு செல்லாது. பேனா கிறுக்கல் என்றிருந்தால் விட்டிருப்பேன், இவர் விளக்கம் சொல்லிவிட்டார் என்று என் பக்கம் கையைக் காட்டி, சீட்டின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

அதாவது, நான் பேசாமலிருந்து மச்சான் சொன்னது நின்றிருந்தாலும் சமம். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் சமம். உண்மையைச் சொன்னதாலும் சமம். ஒரே வித்தியாசம், மூன்றாவதில் எனக்கு வீடு போகிறது. புரொபசர் என் தோளில் வைத்த கையை எடுத்துத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சமமானால் குலுக்கல். எவர்சில்வர் டம்ளரில் இரண்டு பெயர்களைப் போட்டு, தோற்றுப்போன சிஸ்டரை எடுக்கச் சொன்னார்கள். மச்சான் பெயர் வந்தது. அவருக்கு மாலை போட்டார்கள். நானும் வரிசையில் நின்று கைகொடுத்தேன். கொடுத்த கையை அவர் விடவில்லை, சிரித்த முகத்தை மாற்றவும் இல்லை. விரல் எலும்புகள் எத்தனை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கதவருகே நின்றிருந்தாள். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. நர்ஸம்மாவுக்கு ஒன்று போட்டதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாய்க்காரருக்கு இரண்டு போட்டதையும் கேட்கவில்லை.

“மூணு பேர்ல மூணாவதாக்கூட எங்கண்ணன் வரலையா உங்களுக்கு?” என்றாள். விதிப்படி காலியாக விடலாம் என்று முணுமுணுத்தேன். அந்த விதியைக் கட்டிக்கிட்டு அந்தாள் வீட்டு நாய்களோட போய்ப் படுங்க என்று உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் இறங்கி வந்தார். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. நாற்காலியில் உட்காரவில்லை.

“என்ற கட்டத்துல பிள்ளையாரக் குந்த வெச்சுப்போட்டியே,” என்றார். “ஒரு மூணு போட்டிருந்தா உனக்கென்ன கொறஞ்சு போயிரும்?”

‘உனக்கு.’ பல வருட ‘ங்’ அந்த வாசற்படியிலேயே இறங்கிவிட்டது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஒரு எழுத்து இல்லாமல் போனது கன்னத்தில் விழுந்தது. அவருக்கு நிஜமாகவே வலித்திருக்கிறது என்பதும், அது எனக்குக் கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்தன. நான் நல்லவன் இல்லை.

எப்போது காலி செய்ய வேண்டும் என்று நானே கேட்டேன். கேட்காமல் காத்திருக்கும் தைரியம் இல்லை.

“இப்பக் காலி பண்ணீட்டு வேற வார்டுக்குப் போனா ரெண்டு ஓட்டுப் போச்சு. தங்கச்சியத் தொரத்திப்போட்டான்னு அந்த நாய்க்காரன் தெருத்தெருவாச் சொல்லுவான்,” என்றார். “எலெக்சன் முடியட்டும். மக்யா நாளு விடிஞ்சதும் சாவியக் கொண்டாந்து மேல குடுத்துப்போடு. அதுவரைக்கும் ஞாயித்துக்கெழமையானா என்ற கூட வா. நோட்டீஸ் குடுக்கோணும். உன்ற வாய் எனக்கு வேணும்.”

அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பின்னால் நோட்டீஸ் கட்டோடு நடக்கிறேன். வீட்டு வாசலில் நின்று வேடிக்கையாக எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பது என் வேலை, சிரித்த கையில் நோட்டீஸைத் திணிப்பது அவர் வேலை. ஜனங்கள் முன்னால் ‘வாங்க மாப்ள, சொல்லுங்க மாப்ள’ என்பார். கேட்டைத் தாண்டியதும் ‘ங்’ உள்ளே போய்விடும். புரொபசர் எங்களைக் கண்டால் நாய்களைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போகிறார். நாய்கள் நிற்கின்றன, என்னைப் பார்த்து மட்டும் குரைக்கின்றன. வால்வு வழக்கம்போல மாடியில்தான்.

ஆனால் தேர்தல் தேதி வரவில்லை. இதோ வருகிறது, அதோ வருகிறது என்கிறார்கள், பிறகு வார்டு எல்லை என்கிறார்கள், இட ஒதுக்கீடு என்கிறார்கள். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படலாம் என்றுகூட ஒரு வதந்தி. அதைக் கேட்ட அன்று மச்சான் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னாள், நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். பூங்கா விளக்கு இன்னும் எரியவில்லை, குப்பை வண்டி இஷ்டத்துக்கு வருகிறது, கேட்க ஆளில்லை என்று இந்த ஊரே புழுங்குகிறது. நான் மட்டும் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பேப்பரைப் பிரித்து, தேதி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் பல் தேய்க்கிறேன்.

இன்று காலையும் இல்லை. மாடியில் மச்சான் பேப்பரை மடித்துக் கைப்பிடிச் சுவரில் ஓங்கி அடித்து, ஜனங்களைப் பற்றி இந்த அரசாங்கத்துக்குக் கவலையே கிடையாது, இது அநியாயம் என்று கத்தினார்.

நானும் கீழேயிருந்து, அவரைவிடச் சத்தமாக, அநியாயம் என்றேன்.